ஆயர் என்று கேட்டான், தண்ணீர் கொடுத்தேன்

சேகரைக் காணவில்லை. போன தவக்காலத்தில் ஒரு மதியம், சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு வந்து பார்த்தால் அவன் நாற்காலி காலியாக இருந்தது.

அன்பியச் செபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சகோதர சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். ஆனால் சிரித்த முகத்தோடு சொல்லக்கூடிய சாட்சி இல்லை இது. பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. லாபிஸ் பக்கம் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்தவள். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாத பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்துக் கவனிப்பது என் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னை விட்டால் இந்த இல்லத்துக்கு ஆளில்லை என்ற நினைப்பும் கூடவே இருந்தது.

சேகருக்கு நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். பேச்சு மட்டும் சில சொற்களோடு நின்றுவிட்டது. அவன் அம்மா கமலம் அக்கா ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் தனியாளாக அவனை வளர்த்தவர். இனிப்புநீர் வியாதி முற்றித் தன் கால் ஒன்றை எடுத்த பிறகு, வேறு வழியில்லாமல் எங்களிடம் கொண்டுவந்து விட்டார். புதிதாக வருகிறவர்களை வீட்டார் கொஞ்ச நாளைக்கு வந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் அழுது அடம்பிடிப்பார்கள் என்பது எங்கள் இல்லத்துப் பழக்கம். கமலம் அக்கா போன் செய்யும்போதெல்லாம் நான்தான் எடுப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் காரில் வந்து ஒரு நடை பார்த்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்பார்.

"இப்பதான் பழகி வரான்கா. நீங்க வந்தா மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். கொஞ்ச நாள் போவட்டும்" என்பேன்.

அந்தக் கொஞ்ச நாள் மாதக்கணக்காகிவிட்டது. சேகர் அமைதியாகத்தான் இருந்தான். என் கைராசி என்று எனக்குப் பெருமை வேறு.

ஒன்றே ஒன்றுதான். தினமும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு "ஆயர், ஆயர்" என்பான். மலாயில் ஆயர் என்றால் தண்ணீர். எங்கள் இல்லத்தில் மலாய்தான் பொதுப் பேச்சு, நாள் முழுக்க அந்தச் சொல் காதில் விழும். அதனால் உடனே தண்ணீர் ஊற்றிக் கொடுப்பேன். ஒரு வாய் குடிப்பான், என் முகத்தைப் பார்ப்பான், குவளையைத் தள்ளிவிடுவான். கேட்டதும் நீதான் தள்ளுவதும் நீதான், பெரிய துரை என்று கிண்டல் செய்வேன். அவனும் சிரிப்பான்.

அன்றைக்குத் தெருத்தெருவாகத் தேடினோம். கடைகள், பேருந்து நிறுத்தம், பெரிய கால்வாய் ஓரம் எல்லாம் பார்த்தாயிற்று. போலீசிலும் சொல்லியாயிற்று. சேகருக்கு வலிப்பு உண்டு. மாலை மாத்திரை தவறினால் வந்துவிடும். தண்ணீர் ஓடுகிற இடத்தில் விழுந்தால் என்ன ஆவது? எங்கள் மேலாளர், நாங்கள் கக் ரோஸ் என்று கூப்பிடும் மலாய்க்கார அக்கா, கமலம் அக்காவுக்குச் சொல்லிவிடு என்றார். போனைக் கையில் எடுத்தேன். எண்ணை அழுத்த முடியவில்லை.

துணி துவைக்கும் அறைக்குள் போய் முழந்தாளிட்டேன். மனப்பாடச் செபம் எதுவும் வாயில் வரவில்லை. கோயிலில் நாம் ஆண்டவரை மேய்ப்பர் என்ற பொருளில் கூப்பிடும் பெயர்தான் வந்தது.

"ஆயரே, உம்ம ஆடு ஒன்னக் காணோம். ஆயரே, நான்தான் தொலைச்சிட்டேன். ஆயரே..."

என் குரல் எனக்கே சேகரின் குரலாகக் கேட்டது. செபத்தை நிறுத்தினேன். அவன் தமிழ்ப் பிள்ளை. தாகம் எடுத்தால் தண்ணி என்றுதான் கேட்பான். சாப்பாட்டு வேளையில் எத்தனையோ தடவை அப்படிக் கேட்டும் இருக்கிறான். அப்படியானால் இந்த ஆயர்? ஆயர் ஈத்தாம். இத்தனை மாதமாக அவன் வீட்டுக்குப் போகணும் என்று கேட்டிருக்கிறான்.

எழுந்து ஓடினேன். எங்கள் இல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு செடிக்கடை. ஆயர் ஈத்தாமிலிருந்து பூச்சட்டி ஏற்றி வரும் லாரி அங்கேதான் நிற்கும். அது தன் ஊர் லாரி என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் அதுவரை தோன்றவில்லை. லாரி சற்று முன்புதான் திரும்பிப் போனது என்றார் கடைக்காரச் சீனர். ஓட்டுநருக்கு உடனே போன் போட்டார். ஓட்டுநர் நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்திப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். காலிச் சாக்குகளுக்கு நடுவே சேகர் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆண்டவரே, உமக்கு நன்றி. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

லாரிக்காரர் அவனை வீட்டிலேயே கொண்டுபோய் விட்டார். கக் ரோஸ் காரை ஓட்ட, நான் மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மாத்திரை வேளைக்குள் போய்ச் சேர்ந்தோம். சேகர் தரையில் உட்கார்ந்து அம்மா மடியில் தலை சாய்த்திருந்தான். கமலம் அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஊர் பேர்ல பாதிதான்மா அவனுக்கு வாயில வரும். விட்டுட்டு வந்த அன்னிக்கே நான் ஒங்ககிட்ட சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்றார்.

நான் குனிந்து சேகரின் வாயில் மாத்திரையைப் போட்டேன்.

வீட்டார் வந்து பார்க்கக் கூடாது என்ற பழக்கத்தைக் கக் ரோஸ் நிறுத்தினார். அதற்குப் பிறகு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நானே சேகரை ஊருக்குக் கூட்டிப் போவேன். தாயும் பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். கிறிஸ்துமசுக்கு முன்னால் கமலம் அக்கா இறந்துபோனார். அவர்களுக்கு ஆண்டவர் கொடுத்தது அந்தக் கொஞ்ச காலம். அதற்கு முந்திய காலத்தை நான் எடுத்துக்கொண்டேன், திருப்பிக் கொடுக்க என்னிடம் வழியில்லை.

இப்போது இல்லத்தில் யார் எதைக் கேட்டாலும், கையை நீட்டும் முன் ஒரு நிமிடம் நின்று முகத்தைப் பார்க்கிறேன். அன்பானவர்களே, கஷ்டத்தில் இருப்பவர்கள் தயங்காமல் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். செபம் அழகாக இருக்க வேண்டியதில்லை. துணி துவைக்கும் அறையில் உளறினாலும் அவருக்குப் புரியும், எனக்கு அன்றைக்கே பதில் கொடுத்தார். சேகர் தினமும் என் சட்டையைப் பிடித்துச் செபித்தான். நான்தான் பதில் கொடுக்கவில்லை.