உள்பக்கம் மட்டும் தேய்கிற டயர்

டயர் தேய்ந்தால் ஓட்டியவரைத் தவிர மற்ற எல்லாரையும் திட்டலாம் என்பதுதான் வீல் அலைன்மென்ட் தொழிலின் முதல் விதி.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவே ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் கடை. நான் கவுன்டரில் உட்காருகிறவள். வருகிற காரை வாங்கி, என்ன குறை என்று கேட்டு, உள்ளே ரோஸ்லியிடம் அனுப்பி, அவர் கண்டுபிடித்ததை வாடிக்கையாளரிடம் சொல்லி, அதற்கான திட்டை வாங்கிக்கொள்வது என் வேலை. ரோஸ்லி மலாய்க்காரர். என்னைவிட வயதில் சிறியவர் என்பதால் ‘கக்’ என்று கூப்பிடுவார், மலாயில் அக்கா. முதலாளி சீனர், எங்களுக்கு அவர் தவுக்கே. மூவரும் பேசிக்கொள்வது ஆங்கிலமும் மலாயும் கலந்த ஒன்று. இங்கே தமிழாக்கி எழுதுகிறேன், வாக்கியக் கடைசியில் ஒட்டுகிற ‘லா’வை மட்டும் விட்டுவைக்கிறேன், அது இந்த ஊர்ப் பேச்சின் ‘பா’. நீங்களும் ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்தவர் என்றால், வாருங்கள், என் கட்சிதான்.

கார் தெரியாதவர்களுக்கு இரண்டே விஷயம் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தின் தலைப்பக்கம் காருக்குள் சாய்ந்திருந்தால் அது கேம்பர். பாதத்தை வெளியே விரித்தோ உள்ளே மடக்கியோ நாம் நடப்பதுபோல் சக்கரம் திரும்பியிருந்தால் அது டோ. இந்தக் கோணங்களைச் சரியாக நிறுத்துவதுதான் அலைன்மென்ட். இரண்டும் சேர்ந்து கெட்டால் டயரின் உள்பக்கம் அரைபட்டுப் போகும். நின்று பார்க்கிற கண்ணுக்கு வெளிப்பக்கம் புதுசாகவே இருக்கும்.

கம்பி தெரியுது

தினேஷ் முதன்முதலில் வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியவர், சாங்கி விமான நிலையத்தில் கார்கோ சூப்பர்வைசர். கார் பார்க்கச் சாதுவான ஹேட்ச்பேக், உள்ளே இருப்பது முரட்டு எஞ்சின். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார். தாழ்த்தினால் சக்கரங்களின் கோணம் எல்லாம் மாறிவிடும், கையோடு அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. அப்படியே தினமும் வேலைக்கு ஓட்டியிருக்கிறார். “ஹம்முனு ஒரே சத்தம், பேரிங் போச்சான்னு பாருங்க” என்றார்.

ரோஸ்லி காரைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பின் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டை. ஒன்றில் ரப்பருக்குள் இருக்க வேண்டிய கம்பியே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தினேஷை அழைத்தேன். வந்தார், அடியில் எட்டிப் பார்க்கவில்லை. “கம்பி தெரியுது. இதோட எக்ஸ்பிரஸ்வேல போனா வெடிச்சிடும்” என்றேன். இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், சாவியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார். சாவியை மேசை இழுப்பறைக்குள் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். வெளியே போய் யாருக்கோ போன் பேசிவிட்டு வந்து, கடைசியில் டயர் மாற்றவும் அலைன்மென்ட் சரிசெய்யவும் சம்மதித்தார். சம்மதித்தபோதும் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஆனா அக்கா, உள்பக்கத்தைப் போய் யாரு பாக்கப் போறா லா?”

மஞ்சள் பெயின்ட்

வேறொருவர், ஜெர்மன் கார்க்காரர். அலைன்மென்ட் செய்துகொண்டு போன அடுத்த வாரமே கத்திக்கொண்டு வந்தார். ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறதாம், நாங்கள் வேலையே தெரியாதவர்களாம், படம் எடுத்து இணையத்தில் போட்டுக் கடையை மூட வைப்பாராம். கவுன்டரைத் தட்டிய தட்டில் என் டீ சிந்தியது. காத்திருந்த மற்றவர்கள் தலையைக் குனிந்து போனைப் பார்த்தார்கள். யாராவது திட்டு வாங்கும்போது சிங்கப்பூரர்கள் எல்லாருக்கும் சொல்லிவைத்தாற்போல் ஒரு மெசேஜ் வந்துவிடும்.

நான் எழுந்து போய்க் காரைப் பார்த்தேன். இடப்பக்க முன் ரிம்மில் புத்தம்புதுச் சிராய்ப்பு, அதில் சாலையோரக் கல்லின் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. அதைக் காட்டினேன். உங்கள் ஆள்தான் இடித்திருப்பான் என்றார். அதுவரை முன் சீட்டில் வாயைத் திறக்காமல் இருந்த அவர் மனைவி கண்ணாடியை இறக்கினார்.

“டன்லப் ஸ்திரீட்ல கல்லு மேல ஏத்துனப்பவே சொன்னேன்ல, போய் அவங்களத் திட்டாதீங்கன்னு?”

விளக்கம் கேட்ட அம்மாள்

இது சின்னதுதான், ஆனால் இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. ஸ்போர்ட்ஸ் காரில் வந்த ஓர் அம்மாள், என் வயதுதான் இருக்கும். நானும் அவரும் தமிழ், இருவரும் வேலைக்குப் போகிற பெண்கள். அவர் டயர் ஏன் ஒருபக்கமாகத் தேய்கிறது என்று என் இரண்டு உள்ளங்கைகளையும் சக்கரம்போல் வைத்துச் சாய்த்துக் காட்டிப் பொறுமையாகச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்ததும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ரொம்ப தேங்க்ஸ்மா. இதை விளக்கிச் சொல்ல ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?”

அங்கிள் கார்

தினேஷ் மறுபடி வந்தார். நாங்கள் சரிசெய்த பிறகு கார் ‘அங்கிள் கார் மாதிரி’, அதாவது வயசானவர் கார்போல் மந்தமாக ஓடுகிறதாம். கையில் போன், அதில் அவருடைய கார் நண்பர்கள் குழு அனுப்பிய எண்கள். நாலு சக்கரமும் நன்றாக உள்ளே சாய வேண்டும், பின் சக்கரங்கள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து நிற்க வேண்டும். அப்போதுதான் வளைவில் பின்பக்கம் லேசாகச் சுழன்று கார் கத்திபோல் திரும்புமாம். மலேசியாவில் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் வைப்பார்களாம். வைக்கலாம். அவர்கள் டிராக்கில் ஓட்டிவிட்டு, காரை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

காருக்குள் பார்த்தேன். பின் சீட்டில் குழந்தை இருக்கை, அதன் மடிப்பில் பிஸ்கட் தூள். “வேற யாரு இந்தக் காரை ஓட்டுறா?” என்று கேட்டேன். “ஒய்ஃப்தான். காலைல பாப்பாவச் சைல்ட்கேர்ல விடுவா.” எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். முன்னால் கொஞ்சம் சாய்த்து வைக்கலாம், திரும்புவது நன்றாகவே இருக்கும், தேய்மானமும் அதிகம் வராது. பின்னால் மட்டும் இது வேண்டாம். உள்பக்கம் சீக்கிரம் போய்விடும், மழையில் பின்பக்கம் பிடியை விட்டுச் சுற்றிவிடும். ரோஸ்லியும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அதையே சொன்னார். தினேஷ் சிரித்தார். “அக்கா, நீங்க கார் ஓட்டுவீங்களா?” கடை வேனைத் தினமும் ஓட்டுகிறேன் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தவுக்கேயின் அறைக்குள் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் தவுக்கே வெளியே வந்து, கேட்டபடியே செய்துகொடு என்று ரோஸ்லிக்குச் சைகை காட்டினார். நான் தவுக்கேயின் எதிரே போய் நின்றேன்.

“அவன் கார், அவன் டயர். உனக்கு என்ன லா?”

தெம்பனிஸ் வளைவு

சில மாதங்கள் கழித்து, கொட்டுகிற மழையில் ஓர் இழுவை டிரக் தினேஷின் காரைக் கொண்டுவந்து இறக்கியது. டிரக்கிலிருந்து ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. ஷாலினி, தினேஷின் மனைவி. தெம்பனிஸ் பக்கம் எக்ஸ்பிரஸ்வேயைவிட்டு இறங்கும் வளைவில், மெதுவாகத்தான் வந்திருக்கிறார், பின்பக்கம் வழுக்கிக் கார் அப்படியே அரைச் சுற்றுச் சுற்றியிருக்கிறது. பின் சக்கரம் ஓரக் கல்லில் மோதி நின்றபோது கார் வந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். எதிரே ஒரு லாரி. லாரிக்காரர் பிரேக்கை மிதித்து எப்படியோ நிறுத்திவிட்டார். அவ்வளவுதான், அதற்குமேல் எதுவும் ஆகவில்லை. அம்மாவின் கழுத்தைக் கட்டிய பிடியைக் குழந்தை விடவேயில்லை. சூடாக ஒரு கப் மைலோ கலந்து நீட்டினேன், அதற்கும் கையை எடுக்கவில்லை. ரோஸ்லி குனிந்து பின் டயரைத் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். உள்பக்கம் மறுபடி மொட்டை.

தினேஷ் சீருடையோடு டாக்சியில் வந்து இறங்கினார். ஓடிப்போய்க் குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதுவரை எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க செட் பண்ண காருதானே இது? என் பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?” என்று விரலை நீட்டினார். இத்தனை வருடம் கவுன்டரில் விழுங்கியதெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. “வேணாம்னு சொன்னது யாரு? இதே இடத்துல நின்னுதானே சொன்னேன், மழையில பின்பக்கம் சுத்திடும்னு? நீங்க சிரிச்சீங்க! கார் ஓட்டுவீங்களான்னு கேட்டுச் சிரிச்சீங்க!” நான் போட்ட சத்தத்தில், காற்றடிக்கிற கம்ப்ரஸரை யாரோ நிறுத்திவிட்டார்கள். தவுக்கே அறைக் கதவைத் திறந்தார், பார்த்தார், மூடிக்கொண்டார். ஷாலினி தினேஷ் பக்கம் திரும்பிக் கேட்டார், குரலை உயர்த்தாமல்.

“உனக்கு இது தெரியுமா? தெரிஞ்சுதான் சாவியை என் கையில கொடுத்தியா?”

யார் தவுக்கே?

மறுநாள் காலை கடை திறந்ததும் தவுக்கேயின் அறைக்குள் போய் நின்றேன். குழந்தை இருக்கை உள்ள காருக்கு இந்த மாதிரி பின்சக்கர செட்டிங் கேட்டு யார் வந்தாலும் நான் காரை வாங்க மாட்டேன், திருப்பி அனுப்பிவிடுவேன் என்றேன். நீ அனுப்பினால் அடுத்த சந்தில் செய்துகொள்வான் என்றார் அவர். செய்துகொள்ளட்டும், இங்கே வேண்டாம் என்றேன். அவர் முகம் கறுத்தது. நீ தவுக்கேயா நான் தவுக்கேயா என்று கேட்டார். வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன். ஆனால் முந்தைய நாள் கோபம் இன்னும் மிச்சம் இருந்ததால் நகரவில்லை. வாசலில் வந்து நின்ற ரோஸ்லி, தவுக்கேயின் தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

“நீங்கதான் தவுக்கே. அதனால அந்த வேலை வந்தா நீங்களே கார் அடியில போய்ச் செய்ங்க.”

பின் சீட்

அதன் பிறகு ஷாலினிதான் காரைக் கொண்டுவந்தார். பழைய ஸ்பிரிங்கையே போட வேண்டும், மழையில் பயப்படாமல் ஓட்ட வேண்டும், வேறு எதுவும் தெரிய வேண்டாம் என்றார். ரோஸ்லி நாலு சக்கரத்தையும் கார் கம்பெனி சொன்ன அளவுப்படி நிறுத்தினார். தினேஷும் கூட வந்திருந்தார். பாப்பா ரோஸ்லியின் கருவியில் எரிகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினேஷ் கவுன்டருக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நான் நாற்காலியில் நிமிர்ந்துகூட உட்கார்ந்துவிட்டேன். “அக்கா, இனிமே கார்னர்ல முன்ன மாதிரி ஷார்ப்பா திரும்புமா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஷாலினி சாவியை எடுத்துக்கொண்டார்.

“நீ பின்னாடி போய்ப் பாப்பா பக்கத்துல உக்காரு, திரும்புதா இல்லையான்னு அங்கேருந்து பாத்துக்கோ.”

நாலு சக்கரத்தை நேராக்க எங்கள் கடை போதும், ஆனால் ஓட்டுகிறவரை நேராக்க அவர் வீட்டிலிருந்துதான் ஆள் வர வேண்டியிருக்கிறது.