சிரிக்கக் கூடாத வாரம்

என் கணவருக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை செய்து கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பும்போது, தையல் ஆறும்வரை இருமவோ சிரிக்கவோ வேண்டாம் என்று தாதி சொல்லியிருந்தார்.

அவர் படுத்திருக்க, பக்கத்தில் இருந்து நான் எனக்குப் பிடித்த பழைய ஆங்கில நகைச்சுவை நாவல் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாத பணக்காரத் துரையும், எல்லாம் தெரிந்த அவருடைய பணியாளும் வரும் கதை. சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"என்ன புள்ள சிரிக்கிற? எனக்கும் சொல்லன்."

"உங்களுக்குச் சொல்லப்படாது. தையல் பிரிஞ்சிரும்."

"சொல்லாட்டி எழும்பி வருவன்."

வேறு வழியில்லாமல் சொன்னேன். துரை தன் மாமிக்குப் பயந்து அலுமாரிக்குள் ஒளிந்திருக்கிறார். மாமியோ போகிற பாடில்லை. பணியாள் முகம் மாறாமல் மாமிக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கதவிடுக்கால் துரைக்கும் ஒரு பிஸ்கட் நீட்டுகிறார்.

என் கணவர் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "ஐயோ, நோகுது. நிப்பாட்டு!"

புத்தகத்தை மூடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மாமி கண்டுட்டாவா?"

அதுவரை ஒரு நாவலும் வாசித்திராத மனிதர். தையல் நன்றாகவே ஆறியது. இப்போது பின்னேரங்களில் புத்தகத்தைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்கிறேன். மாமி வரும் இடங்களை மட்டும் இரண்டாம் முறையும் கேட்பார்.