சுடர்விழி பார்த்த பத்தொன்பது குசினிகள்

"பொழுதுபட்டால் வெளிக்கிட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போறாள் எண்டு சொல்லாதையும், மகாதேவி! பிள்ளை அறை தேடித்தான் போறாள்." பக்கத்து வீட்டுக்காரியின் முகத்துக்கு நேரே சொன்னேன். இப்போதும் சொல்வேன்.

சுடர்விழி திருச்சியிலிருந்து ஜேர்மனிக்கு, இந்த ஆஹென் நகரத்துக்குப் படிக்க வந்தவள். அறை கிடைக்கும்வரை எங்கள் சோபாவில் படுத்தாள். இங்கே ஒரு வீட்டைப் பகிர்ந்து இருக்கும் மாணவர்கள், புதிதாக வருகிறவரைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருத்திக் கேள்வி கேட்டுத்தான் எடுப்பார்கள். பெண் பார்ப்பதுகூட இவ்வளவு கரைச்சல் இல்லை. சமைப்பாயா என்று கேட்டால், தாளிக்கிற மணம் அவர்களுக்குப் பிடிக்காதோ என்று பயந்து, பாணும் ஜாமும் மட்டும்தான் என்பாள். பதினெட்டு வீடுகள் வேண்டாம் என்றுவிட்டன.

பத்தொன்பதாவது வீட்டில், கேள்வி நடக்கும்போதே அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. பொறுக்க மாட்டாமல் எழுந்தவள், அதை வேறு சட்டிக்கு மாற்றி, சீரகமும் வெங்காயமும் தாளித்துக் கொட்டிவிட்டாள். மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எப்போது வருகிறாய் என்று கேட்டார்களாம்.

திங்கட்கிழமை பெட்டியோடு வாசலில் நின்றாள். மகாதேவி யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"வடிவாப் பாரும், அறை கிடைச்சிட்டுது!" என்றேன்.

"பாட்டி, அந்த வீட்ல கடுகே இல்ல," என்றாள் சுடர்விழி.

என் கடுகுப் போத்தலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.