சேற்றைக் கழுவிய பிறகு

போன வருஷம், மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம் அந்தமானில் மாயாபந்தர் பக்கம். தூத்துக்குடியிலிருந்து வேலை மாற்றலாகி நான் அங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பவர் கைட். நம் காகிதப் பட்டம் மாதிரி இல்லை; குச்சியே கிடையாது. முழுக்க இரண்டடுக்கு நைலான் துணி. காற்று உள்ளே புகுந்தால் மெத்தை மாதிரி உப்பிக்கொண்டு ஆளையே இழுக்கும். கை நழுவினாலும் பட்டம் போய்விடாமலிருக்க, பிடியோடு சேர்ந்த ஒரு வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். ஊருக்குத் திரும்பிய ஒரு சுற்றுலாப் பயணியிடம் வாங்கிய மஞ்சள் பட்டம் அது. லீவு நாளில் கடற்கரையில் பறக்க விடுவேன். கூட வருபவள் ஆபீஸ் தோழி ஒருத்தி, என்னைவிட இளையவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இந்தத் தீவுகளில் குடியேறிய குடும்பம். தமிழில் பாதி ஹிந்தி கலந்து பேசுவாள்.

அன்றைக்குக் காற்று திடீரென்று திசை மாறி, பட்டம் சேற்றில் போய் விழுந்துவிட்டது. அலையாத்தி மரங்களுக்கு அடியில் இருக்கும் கறுப்புச் சேறு. அழுகிய முட்டை நாற்றம். தூக்கினால் மஞ்சளே தெரியவில்லை. காய்ந்துவிட்டால் துணியை விட்டு லேசில் போகாது. குவார்ட்டர்ஸிலோ தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். பக்கத்திலேயே க்ரீக் இருந்தது. கடல் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும் ஓடை. படகு இழுக்கிற சிமென்ட் சரிவும் இருந்தது. அங்கேயே அலசிவிடலாம் என்று இறங்கினேன்.

“பானி கிட்ட வேணாம்க்கா. சலோ, வீட்டுக்குப் போயிரலாம்” என்றாள்.

“கணுக்கால் தண்ணிதானட்டி” என்று சிரித்தேன். முதலை எச்சரிக்கைப் பலகைகளைத் தீவு முழுக்கப் பார்த்திருக்கிறேன். இந்த இடத்தில் பலகை இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

கயிற்றைப் பிடியில் சுற்றிவிட்டு, பட்டம் மிதந்து போய்விடக் கூடாதென்று பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். துணியைத் தண்ணீரில் விரித்தேன். அகலமாக மிதந்தது. உள்ளே மாட்டிய காற்று அங்கங்கே மெதுவாக எழும்பி அடங்கியது. போர்வைக்குள் யாரோ புரண்டு படுப்பது போல. குனிந்து சேற்றைத் தேய்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பறவைகள்கூட.

அப்போது துணி என் கையை இழுத்தது. வெடுக்கென்று இல்லை. புடவைத் தலைப்பைக் குழந்தை பிடித்து இழுக்குமே, அப்படி. ஒருமுறை. நின்றது. மறுபடி ஒருமுறை, இன்னும் கொஞ்சம் நிதானமாக. நீரோட்டம் என்று நினைத்து நானும் இழுத்தேன்.

தோழி தண்ணீருக்குள் ஓடி வந்ததும், என் மணிக்கட்டுப் பட்டையை சர்ரென்று பிய்த்ததும், தோளைப் பிடித்துக் கரைக்குத் தள்ளியதும் ஒரே மூச்சில் நடந்தன. சிமென்டில் உட்கார்ந்தபடி விழுந்தேன். பட்டம் தானாகவே மடங்கியது. மடங்கியபடியே க்ரீக்கின் மேல்பக்கம், மரநிழலுக்குள், சலனமில்லாமல் போனது. கடைசியாக ஒரு மஞ்சள் மூலை மட்டும் தெரிந்து, அதுவும் அமிழ்ந்தது.

“ஏட்டி, என்ன காரியம் செஞ்சிட்ட!” என்று கத்தினேன். அவள் உதடுகள் வெளுத்திருந்தன. நான் அதைப் பார்த்தும் பொருட்படுத்தவில்லை. ஆசையாக வைத்திருந்த பொருளை நீரோட்டத்தில் விட்டுவிட்டாள் என்பதுதான் என் கோபம். அதற்கப்புறம் ஆபீஸில் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவளும் விளக்கம் சொல்ல வரவில்லை. ஒருநாள் என் மேஜையில் டீ வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தொடவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு வங்காளி மீனவர் வாசலில் வந்து நின்றார். தோளில் கறுப்பாக ஒரு மூட்டை. “தீதி, யே ஆப்கா ஹை க்யா?” என்றார். நான் கடற்கரையில் பறக்க விடுவதைப் பார்த்திருப்பார். என்னுடையதேதான். க்ரீக்கின் வெகு உள்ளே, மர வேர்களுக்கு அடியில் செருகிக் கிடந்ததாம். செருகி என்பதை அவர் கையால் குத்திக் காட்டினார். டீ குடிக்கச் சொன்னேன். வேண்டாமென்று சட்டென்று கிளம்பிவிட்டார்.

அன்று மத்தியானம் கூடத்தில் டப் வைத்து, சோப்பைக் கரைத்து, ஸ்பாஞ்சால் தேய்க்க உட்கார்ந்தேன். சேறு ஏடு ஏடாகக் கழன்றது. தண்ணீர் மாற்ற மாற்ற மஞ்சள் திரும்பி வந்தது. டீக்கறை மாதிரி இருந்த பழுப்பும் மெல்ல வெளுத்தது. ஒரு ஓரத்தில் மட்டும் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தையலில் சேறு தங்கியிருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன்.

விரல் உள்ளே போனது.

துணியைத் தரையில் விரித்துப் பார்த்தேன். ஓட்டைகள் நேர்கோட்டில் இல்லை. வளைந்து போய், குறுகி, மறுபக்கம் வளைந்து திரும்பின. முறத்தைவிடப் பெரிய வளைவு. அடித்துணியிலும் அதே வளைவு. பட்டையைக் கட்டிய இடத்தில் என் மணிக்கட்டை வைத்துக் கையை நீட்டிப் படுத்துப் பார்த்தேன். முதல் ஓட்டை என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பற்களுக்கும் என் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்திருக்கிறது.

மின்விசிறிக் காற்று ஈரத்துணிக்குள் புகுந்து, அது என் பக்கத்தில் மெல்ல எழும்பியது. ஓட்டைகள் வழியாக மூச்சு விடுவது போல ஒரு சத்தம். எழுந்து விசிறியை நிறுத்திவிட்டுச் சுவரோரமாய் நின்றேன்.

தோழிக்குப் போன் செய்தேன். வந்தாள். குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

“அன்னைக்கே ஏன் சொல்லல?” என்றேன்.

“என்னன்னு சொல்றதுக்கா? நான் ஒண்ணும் பாக்கலையே. பாக்காதத சொன்னா நம்புவீங்களா?”

“பின்ன ஏன் அவுத்த?”

“தண்ணி கடல் பக்கம் எறங்கிட்டிருந்துச்சு. துணி உள்பக்கம் போச்சு. அவ்ளோதான் தெரியும்.”

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஈரத்தரையில் இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் வனத்துறையில் சொன்னோம். அந்தச் சரிவில் இப்போது பலகை இருக்கிறது. அங்கே என்ன இருந்தது என்று இன்றுவரை நாங்கள் இருவரும் கண்ணால் பார்க்கவில்லை.

என்னைக் காப்பாற்றியதைவிட, காப்பாற்றினேன் என்று நிரூபிக்க எதுவுமே கையில் இல்லாமல் அத்தனை நாள் என் கோபத்தை அவள் வாய் திறக்காமல் தாங்கினாளே, அதைத்தான் நான் இன்னும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.