எம்ட்டியாக வந்த தூக்குவாளி

வலங்கைமானில் எங்கள் கயல்விழி டீச்சரிடம் ஒரு ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது, அதன் பாட்டன் பூட்டனை எல்லாம் இழுத்து வந்து நிறுத்திவிடுவாள். அதே பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போகும் என் காது பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா!

அவள் எதிர்வீட்டுக்கு இனியவன் தன் அம்மாவோடு குடிவந்தான். அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். பால் காய்ச்சிய அன்று ஒரு தூக்குவாளியில் பாயசம் கொடுத்தான். அதை வெறுமனே திருப்பித் தரலாமா? முறுக்குப் போட்டுக் கொடுத்தாள். வாளி அவனுடையது, அதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் அதே வாளியில் சுண்டலோடு வந்து நிற்கிறான்! இவள் அதிரசம், அவன் கொழுக்கட்டை என்று மாதக்கணக்கில் போனது. நடுவில் எனக்குத்தான் தொப்பை விழுந்தது.

அறுவடை ஓய்ந்த ஒரு நாள் அவன் சொன்னான்: “மிஷின் ஷெட்டுல நிக்குதுங்க. நான் இப்ப எம்ட்டி.”

விடுவாளா? “ஆயிரம் வருஷத்துக்கு முந்தி எம்ட்டின்னா வேலையில்லாம ஓய்வா இருக்கறதுங்க. ஓய்வுக்கு இங்கிலீஷ்காரங்க பழைய பேச்சுல எமெட்டான்னு பேரு. கல்யாணம் ஆகாதவங்களையும் அப்படித்தான் சொன்னாங்க. பாத்திரம் காலிங்கறதெல்லாம் அப்புறம் வந்ததுதான்.”

“அப்ப ரெண்டு கணக்குலயும் நான் எம்ட்டிங்க.”

“நானும் ஒரு கணக்குலங்க,” என்றாள், முகம் சிவக்க.

அந்த மடச்சாம்பிராணி என்ன கேட்டான் தெரியுமா? “சுண்டல்ல உப்பு சரியா இருந்துச்சுங்களா?”

அன்று அவள் அழுதே விட்டாள். “எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு மாலதி. வாயத் திறக்கலைன்னா பூம்புகாருக்கு மாறுதல் கேட்டுட்டுப் போயிடுவேன். மனு கொடுக்க நாளைக்குக் கடைசி நாள்.”

விடிந்ததும் நான் போனபோது, தூக்குவாளியைக் கழுவித் துடைத்து, ஒன்றுமே போடாமல் அவன் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

“அடிப்பாவி! வெறும் பாத்திரம் கொடுத்தா உறவு வேணாம்னுல்ல அர்த்தம்?”

“அப்படியே இருக்கட்டும்,” என்றாள். வண்டியில் சாவியைப் போட்டாள்.

ஸ்கூட்டியைக் கிளப்பக்கூட இல்லை, அதற்குள் எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பாதி முகத்தில் சவர நுரை, கையில் வாளி. ஓடி வந்தான் மனுஷன்.

“என்னங்க இது, வெறும் வாளியா இருக்கு? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என்னைக் கட்டிக்கிறீங்களா?”

தெருவே நின்று பார்த்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கயல்விழி வண்டிச் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“நீ பஸ்ஸுல போ மாலதி, எனக்கு இன்னிக்கு லீவு சொல்லிடு. நீங்க போய் மூஞ்சியக் கழுவிட்டு, உங்கம்மாவக் கூட்டிக்கிட்டுப் பூ பழத்தோட வாங்க.”