கீழ்வீட்டுக் கக்கூஸில் ஒரு கைப்பிடி

எங்கள் வீட்டுக் கக்கூஸ் சுவரில் ஒரு கம்பி இருந்தது. பளபளவென்ற எவர்சில்வர் குழாய், இடுப்பு உயரத்தில், வலது கைப் பக்கம். குடிவந்த மறுநாளே அம்மா அதில் ஈரத் துண்டைக் காயப் போட்டாள். "எவ்ளோ வசதியா வெச்சிகிறாங்க பாரு" என்றாள். அது துண்டு காயவைக்க வைத்த கம்பி இல்லை. யார் கேட்டு வைத்த கம்பி என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கேட்டவர் அப்போது மூன்றாவது மாடியில், கக்கூஸுக்குப் போகப் பொண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திருத்தணியில், ஏரிக்கரையை ஒட்டித் தகரமும் தார்ப்பாயும் போட்ட வீடுகள்தான் எங்கள் தெரு. கழனி வேலைக்குப் போகிறவர்கள், மலைப்படியில் பூ விற்கிறவர்கள், அரக்கோணம் ரோட்டில் மெக்கானிக் வேலை பார்க்கிறவர்கள். பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிகளுக்குப் போய் அங்கேயே தங்கிவிட, தனியாகிப்போன வயசானவர்களும் நிறைய. அந்தத் தெருவை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே மூன்று மாடி வைத்த அடுக்குவீடுகள் கட்டித் தருவதாக ஒரு திட்டம் வந்தது. வீட்டுத் திட்ட அலுவலகம் ஒன்றும் தொண்டு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து செய்தார்கள். மக்களோடு கலந்து பேசித்தான் எல்லாம் என்றார்கள். கலந்து பேச ஆள் வேண்டுமே, அந்த ஊர்ப்பையனாகப் பார்த்து என்னைக் களப்பணியாளனாக எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். நைனாவும் அம்மாவும் கழனியில் குனிந்தே காலம் ஓட்டியவர்கள். அதனால் பயிற்சி வகுப்பில் 'மக்கள் பங்கேற்பு' என்று சொல்லிக்கொடுத்ததை நான் அப்படியே நம்பினேன். வீடு வீடாகப் போய், "நீங்க சொல்றபடிதான் கட்டுவாங்க" என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால், கட்டப்போகிற கீழ்வீட்டை அதே அளவில் தரையில் கோடு போட்டோம். வாசல் இங்கே, சமையலறை இங்கே, கக்கூஸ் இங்கே. ஜனங்கள் கோட்டுக்குள் நடந்து பார்த்தார்கள். பெண்கள் இல்லாத அடுப்பில் குழம்பு கொதிக்கவைத்துச் சிரித்தார்கள். கோட்டைத் தாண்டி நடந்த ஒருத்தரைப் பார்த்து, "யோவ், செவுத்த இடிச்சிகினு போறியே, கதவால வாய்யா" என்று ஒரு குரல் வந்தது.

மெக்கானிக் பாயை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக் பட்டறை வைத்திருந்தவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துபோய், பட்டறையை மூடியிருந்தார். கக்கூஸ் கோட்டுக்கு நடுவில் அவரை இறக்கினோம்.

"கதவு இவ்ளோதானா? நாற்காலி எப்படி வரும்? இன்னும் ஒரு சாண் வுடு" என்றார். பிறகு நல்ல கையை நீட்டி, காற்றில் எதையோ பிடித்துக் காட்டினார். "இங்க ஒரு கம்பி வேணும். வலது பக்கமா வெய்யி. இடது பக்கம் வெச்சா அதுக்கு நான் சலாம்தான் வெக்க முடியும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எம் பொண்டாட்டி தோளு தேஞ்சிபோச்சி பேட்டா. மனுசன் கக்கூஸுக்காவது தனியா போவணும்" என்றார்.

பொறியாளர் அதை வரைபடத்தில் குறித்துக்கொண்டார். தரைத்தள வீடு வயசானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும், மற்றவர்கள் மாடியில் என்று கை தூக்கி முடிவெடுத்தோம். மாடிக்குப் போகத் தயங்கியவர்கள்கூட, "நாளைக்கி நமக்கும் வயசாவும் இல்ல" என்று கை தூக்கினார்கள்.

கேட்டபடியே கட்டினார்கள். இன்றுவரை என் வயிறு எரிவது அதனால்தான். கட்டவே இல்லையென்றால், வழக்கம்போல ஏமாற்றிவிட்டார்கள் என்று போயிருப்போம். வாசலில் படிக்குப் பதில் சரிவு. அகலக் கதவு. வலது பக்கம் கம்பி. ஒவ்வொரு கீழ்வீடும் சுண்ணாம்புக் கோட்டில் பார்த்த அதே வீடு. கட்டி முடித்துவிட்டு, யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் போட்டார்கள்.

சாமியானா போட்டு, முருகன் படத்துக்கு மாலை சாற்றி, கற்பூரம் காட்டினார்கள். பெயர்ச் சீட்டுகள் ஒரு நீல டிரம்மில். வீட்டுத் திட்ட அதிகாரி மைக்கைப் பிடித்தார். "யாருக்கும் சலுகை கிடையாது. ஒளிவுமறைவு இல்லாத குலுக்கல்."

நான் மேடை ஓரமாகப் போய், "சார், கீழ்வீடு வயசானவங்களுக்குன்னு முடிவு பண்ணோமே" என்றேன்.

"அது உங்க கூட்டத்துல பேசினது தம்பி. எனக்கு வந்த உத்தரவுல இல்ல."

அவர்மீது வந்த கோபம் ஒரு பக்கம். எங்கள் ஜனங்கள் கை தட்டினார்களே, அதுதான் என்னை உலுக்கியது. பிறகு யோசித்தால் புரிகிறது. பார்த்துக் கொடுக்கிறோம் என்று எவன் சொன்னாலும் அவன் சொந்தக்காரனுக்குத்தான் போகும் என்று கண்டவர்கள் நாங்கள். டிரம்முக்குள் கிடக்கிற சீட்டு ஒன்றைத்தான் யாராலும் சரிக்கட்ட முடியாது. அந்த நம்பிக்கையைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அதை வைத்தே எங்கள் முடிவை எங்கள் கையாலேயே தட்டிக் கழிக்க வைத்தார்கள்.

எங்களுக்குக் கீழ்வீடு விழுந்தது. நைனா துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுற்றினார். மலைப்படியில் பூ விற்கிற ஆயாவுக்கு இரண்டாவது மாடி. பாய்க்கு மூன்றாவது.

"முருகன் குடுத்தது, மாத்தக் கூடாது" என்றது ஒரு குரல்.

"எனக்கும் முருகனுக்கும் எந்த வம்பும் கிடையாதேப்பா" என்றார் பாய். அதற்கும் சிரித்தார்கள்.

லிஃப்ட் கிடையாது. மோட்டார் போட்டால் இரண்டாவது மாடிவரை தண்ணீர் போகும். மூன்றாவது மாடிக் குழாயில் காற்றுதான் வரும். பாயம்மா கீழிருந்து குடம் தூக்கினார். பாயை நாற்காலியோடு மேலே ஏற்றியது குடிபோன அன்று. அதற்குப்பிறகு ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகையும் நின்றுபோனது.

ஆடிக் கிருத்திகைக்கு ஊரெல்லாம் காவடியாக இருந்த நேரம். காலையில் நான் மேல் மாடிக்காரர் ஒருவரைப் பார்க்கப் படியேறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பாய் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து வந்திருக்கிறார்.

"இன்னா பாய் இது? யாரையாவது கூப்பிட வேண்டியதுதானே?"

"தினம் நாலு பேர் தூக்கிகினு போறதுக்கு நான் இன்னா உற்சவ மூர்த்தியா?"

"எங்க போறீங்க?"

கைலியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "அவ தண்ணிக்கி கீழ போயிட்டா. உங்க வூட்டுல அந்தக் கம்பி வெச்சிகிறாங்களாமே. ஒரு தபா புடிச்சிப் பாக்கலாம்னு."

கைலி நனைந்திருந்தது. படியும் நனைந்திருந்தது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்ப கீழ வாணாம் பேட்டா. மேலயே வுட்டுடு" என்றார்.

அவரை மேலே தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு, நேராக அதிகாரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்து நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "திருத்தணிக்காரங்க. மலை ஏறுற ஊரு. மூணு மாடிக்கு இவ்ளோ ரகளையா?"

"சார், அவருக்குக் கால் வராது."

"மேல நல்ல காத்து வரும்ப்பா. கோபுரம் தெரியும். படுத்த எடத்துலயே தரிசனம்."

"அவர் பாய், சார்."

அதற்கு மட்டும் கொஞ்சம் தடுமாறினார். "குலுக்கல்ல விழுந்தத நான் மாத்தினா நாளைக்கி எல்லாரும் வருவாங்க" என்றார். எல்லாரும் வரட்டுமே என்றேன். எல்லாரும் சேர்ந்துதானே முடிவு பண்ணினோம் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு எந்த வீடு?" என்று கேட்டார்.

"கீழ்வீடு சார்."

"அப்ப உனக்கு இன்னாப்பா பிரச்சனை?"

அந்த அறையில் அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். கீழ்வீடு கிடைத்தவன் எதற்குக் கத்துகிறான் என்று அவருக்குப் புரியவேயில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வீட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என் முட்டி மட்டும் இரும்புல செஞ்சதா? நாத்து நட்டு நட்டு தேஞ்ச முட்டிடா இது. பொறந்ததுலேருந்து மொத தபா நமக்குன்னு ஒரு நல்லது வுழுந்துகீது. அதயும் தூக்கிக் குடுத்துடணுமா? உங்க ஆபீஸு பண்ண தப்புக்கு நான் ஏன்டா படியேறணும்?"

அவள் கேட்டதுதான் நியாயம்.

"நைனா, நீ சொல்லு" என்றேன். "எனுக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வரும். அவகிட்ட பேசு" என்று நைனா நழுவிவிட்டார்.

நான் விட்டுவிட்டேன். அம்மா விடவில்லை. ஒரு நாள் கருவாட்டுக் குழம்பு வைத்தவள், ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு மேலே போனாள். வழியெல்லாம் முட்டியைத் திட்டிக்கொண்டே ஏறினாள். இறங்க வெகுநேரம் ஆனது. மேலே என்ன பார்த்தாள் என்று இதுவரை சொன்னதில்லை. வந்தவள் நேராகக் கக்கூஸுக்குள் போய், கம்பியிலிருந்த துண்டை உருவி என்மேல் எறிந்தாள்.

"இதப் பாத்தாலே வயிறு எரியுது. தொட்டா அந்த ஆளு கையத் தொடற மாதிரி கீது. போயி சாமானத்த கட்டு. ஒண்ணு சொல்லிட்டேன், நீ சொன்னேன்னு போவல. ஊருக்குள்ள பீத்திக்காத."

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாத்திரங்கள் மேலே போயின, அவர்கள் பெட்டி கீழே வந்தது. பாயை நாற்காலியோடு இறக்கினோம். "இதான் கடைசி ஊர்வலம்" என்றார். அகலக் கதவு வழியாக நாற்காலி உள்ளே போனது. கம்பியைப் பிடித்து, எழுந்து, கதவைத் தானே சாத்திக்கொண்டார்.

நேரம் போனது. பாயம்மா பயந்து கதவைத் தட்டினார். "என்னாங்க, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆவல. சும்மா ஒக்காந்துகினு கீறேன். நீ போ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபத்தோடு எழுதியிருக்க மாட்டேன்.

வீடு மாற்றிக்கொண்ட சேதி அலுவலகத்துக்குப் போனது. திட்டுவார்கள் என்று நினைத்தேன். பேனரோடு வந்தார்கள். 'மக்கள் பங்களிப்பில் மகத்தான சாதனை' என்று அச்சடித்து, அதே அதிகாரி, கூடவே போட்டோகிராபர். பாயின் கையில் சாவியைக் கொடுக்கிற மாதிரி ஒரு படம் எடுத்தார்கள். அந்த வீட்டில் அவர் ஏற்கெனவே குடியிருக்கிறார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. "கொஞ்சம் சிரிங்க பாய்" என்றார்கள். "ஒரு பக்கம் வாய் இழுக்கும் சார், எந்தப் பக்கம் வேணும்?" என்றார் பாய்.

"விட்டுக்கொடுத்த அம்மாவைக் கூப்பிடு" என்றார் அதிகாரி என்னிடம்.

மேலே போய்ச் சொன்னேன். அம்மா கட்டைச்சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். "முட்டி வலிக்குது சார். எறங்க முடியாது. நீங்க வாங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. ஏறினார். இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். மூன்றாவது மாடிக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் கேட்டார். அம்மா சொம்பைக் கொடுத்து, "பாத்து குடிங்க சார். கொழாயில வராது. கீழேருந்து தூக்கிகினு வந்தது" என்றாள். பிறகு சேர்த்துக்கொண்டாள்: "மலை ஏறுற ஊருதானே சார். எங்களுக்குப் பழக்கம்தான்."

அவர் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல மனசும்மா உங்களுக்கு" என்றார். படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

மோட்டாரும் மாறவில்லை, உத்தரவும் மாறவில்லை. அந்தப் படம் இப்போது எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது. தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்கிறேன். கூட்டத்தில் எடுத்த முடிவைப் பற்றி மனு மேல் மனுவாகக் கொடுத்தேன். "உங்க தெருவுலதான் நீங்களே பேசித் தீத்துக்கிறீங்களே" என்று அந்தப் படத்தையே காட்டிப் பதில் சொல்கிறார்கள். என் அம்மாவின் முட்டி வலியை எடுத்து அவர்கள் தப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

பூ விற்கிற ஆயா இன்னும் இரண்டாவது மாடியில்தான். அவருக்கு வீடு மாற்றிக்கொடுக்க யாரும் வரவில்லை. வரவில்லை என்று யாரையும் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காலையில் மாடிக் கம்பியிலிருந்து கயிற்றில் கட்டிய கூடை இறங்கும். பால்காரர் பாக்கெட்டைப் போடுவார். நான் அந்தப் பக்கம் போனால், கயிற்றைப் பிடித்தபடியே ஆயா கேட்பார்.

"கண்ணு, நம்ம கோடு போட்டமே, அது இன்னாச்சி?"

"கேட்டுகினேதான் கீறேன் ஆயா."

"ஆங், கேளு கேளு" என்பார். கூடை மேலே போகும்.