கமருன்னிசா தள்ளிய வண்டி

கமருன்னிசா காரைக்காலில் பிறந்து, காரைக்காலிலேயே வாக்கப்பட்டவள். கணவர் ஜவஹர் அலி குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், வந்த கையோடு கிளம்பிவிடுவார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி ஓய்ந்த பிறகு, அவளும் நினைப்பதை விட்டுவிட்டாள். அவளுக்கென்று இருந்தது நல்ல குரல். தெருக்கோடி மதரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொரோனா வந்து மதரஸாவைப் பூட்டிய சமயம் சிங்கப்பூரிலிருந்து நாத்தனார், ஜவஹர் அலியின் தங்கச்சி, போன் செய்தாள்.

"லாத்தா, நீ சும்மாதானே இருக்கே. மர்யத்துக்கு போன்லயே ஓதிக் கொடேன்."

நாத்தனார் மகள் மர்யத்தோடு அவள் சிநேகிதிகள் சேர்ந்தார்கள், சிநேகிதிகளின் தம்பிகள் சேர்ந்தார்கள். மதரஸா திறந்த பிறகும் இந்த வகுப்பு நிற்கவில்லை. அங்கே சாயங்காலம், இங்கே மதியம். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, சந்துப்பக்கத்து ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்துவிடுவாள். அந்த ஜன்னலோரத்தில்தான் சிக்னல் நின்று கிடைக்கும்.

அந்தச் சந்துதான் வினை. அவள் வீட்டுக்கும் பின்பக்கத்து வீட்டுக்கும் தெருவுக்குப் போக அது ஒன்றுதான் வழி. எதிரெதிரே இரண்டு ஆட்கள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். போன வருடம் பின்வீட்டுக்கு சுரக்குடியிலிருந்து செல்லக்கண்ணுவும் அவர் மனைவி பூவாயியும் குடிவந்தார்கள். கூடவே ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் வந்தது.

செல்லக்கண்ணு கோட்டுச்சேரியில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தார். மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் போவார். போகும்போது வண்டியைச் சந்துக்குள்ளேயே வைத்து உதைப்பார். சைலன்ஸர் துருப்பிடித்து ஓட்டை. கிளம்பிய வண்டியை உடனே எடுக்கவும் மாட்டார். ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி உறும விடுவார். இரண்டு சுவருக்கும் நடுவில் அந்தச் சத்தம் மோதிப் புரண்டு ஜன்னல் வழியாக நேரே கமருன்னிசாவின் மடியில் வந்து விழும்.

முதலில் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் நாத்தனார் போன் செய்தாள்.

"லாத்தா, மர்யம் ஏன் இப்புடி ஓதுறா? 'கைன்' எழுத்தைச் சொல்லச் சொன்னா லாரி மாதிரி உறுமுறா. கேட்டா, மாமி அப்புடித்தான் சொல்லிக் கொடுத்தாங்கங்கிறா."

கமருன்னிசாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தொண்டையின் அடியிலிருந்து மெல்ல எழுப்ப வேண்டிய அரபு எழுத்து அது. அவள் எழுப்பிக் காட்டிய நேரம் பார்த்து அந்த ஆள் வண்டியை முறுக்கியிருக்கிறார். பிள்ளை எதை மாமியின் குரல் என்று எடுத்துக்கொண்டதோ!

மறுநாள் ஜன்னலைத் திறந்தே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, வண்டியைத் தெருவுல கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணக் கூடாதா? உள்ள புள்ளைவ ஓதுதுங்க."

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டினார் செல்லக்கண்ணு. ஆட்டிவிட்டு அங்கேயே உதைத்தார். அடுத்த நாளும் அதே சரிங்கம்மா, அதே உதை. மூன்றாம் முறை கமருன்னிசா பொறுமை இழந்து, "காது கேக்காத மனுசனா நீங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்க வந்த பூவாயி குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. சுரக்குடியில இருந்தப்ப டிராக்டர் சாஞ்சு அவங்க இடது கால் மேல விழுந்துட்டு. உள்ள கம்பி வச்சிருக்கு. ஏறி உக்காந்துட்டா ஓட்டிடுவாங்க. தள்ளத்தான் முடியாது. காலையில நான் தள்ளி விட்டுர்றேன். மத்தியானம் நான் பள்ளிக்கூடத்துல சமையலுக்குப் போயிர்றேனா, யாரும் இல்ல."

"பஸ்ஸுல போவலாமே?"

"படி ஏற முடியாதும்மா. நம்ம சந்து வாசல்ல இருக்கிற மேடுதான் பெரும்பாடு. இஞ்சின் சூடாவலைன்னா வண்டி பாதி மேட்டுலயே நின்னுடுது. ஒருநாள் பின்னால உருண்டு விழவே பாத்தாங்க. அதான் அப்புடி முறுக்கிக்கிட்டு நிக்கிறது."

ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்துகொண்டே போக, சந்து பள்ளமாகிவிட்டது. அந்த மேட்டில் கமருன்னிசா தினம் ஏறி இறங்குகிறாள். அது ஒருவருக்கு இவ்வளவு பெரிய மலையாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் மதியம் செல்லக்கண்ணு வண்டியண்டை வந்தபோது, கமருன்னிசா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பின்னால் நின்றாள்.

"என்னம்மா இது?"

"நீங்க ஹேண்டிலைப் புடிங்க. நான் தள்ளுறேன்."

"ஐயோ, நீங்க போயி..."

"எனக்கு வகுப்புக்கு நேரமாவுது அண்ணே. புடிங்க."

வண்டி அவள் நினைத்ததைவிட கனம். மேட்டில் ஒருதரம் வழுக்கி, இரண்டாம் தரம் தெருவுக்கு ஏறியது. எதிரே ஜூஸ் கடை வைத்திருக்கும் காஜா நஜ்முதீன் கையில் பாதி உரித்த சாத்துக்குடியோடு பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பொழுது சாய்வதற்குள் செய்தி குவைத்துக்குப் போய்விட்டது.

"வண்டியெல்லாம் தள்ளுறியாமே?" என்றார் ஜவஹர் அலி போனில்.

"ஆமா, தள்ளுறேன். யாரு சொன்னா, நஜ்முதீனா? அவருக்கு ரெண்டு கை இருக்குதானே, வந்து ஒரு கை கொடுக்கச் சொல்லுங்க."

மறுமுனையில் சிரிப்பு கேட்டது. மறுநாளிலிருந்து நஜ்முதீனும் வந்தார்.

ஒருநாள் மதியம் செல்லக்கண்ணு கிளம்பத் தாமதமாகி வகுப்பும் தொடங்கிவிட, கமருன்னிசா போனைக் கையில் எடுத்துக்கொண்டே சந்துக்குப் போனாள். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். "தள்ளுங்க மாமி, தள்ளுங்க!" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரே கூச்சல். செல்லக்கண்ணு போனைப் பார்த்து வெட்கத்தோடு கையாட்டினார். அதற்குப் பிறகு வண்டி மாமாவை வழியனுப்பாமல் பிள்ளைகள் கிதாபைத் திறப்பதில்லை என்றாகிவிட்டது. எப்போது 'அம்மா' போய் 'தங்கச்சி' என்று அவர் கூப்பிட ஆரம்பித்தார் என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

தீபாவளிக்கு முன்னால் செல்லக்கண்ணு சைலன்ஸரை மாற்றி, இஞ்சினையும் பிரித்துச் சரிசெய்துகொண்டு வந்தார். சந்துக்குள்ளேயே ஒரே உதையில் கிளப்பிக் காட்டினார். வண்டி பூனை மாதிரி முனகியது. மேட்டிலும் நிற்காமல் ஏறியது.

"இனிமே நீங்க கஷ்டப்பட வேணாம் தங்கச்சி."

"அப்பாடா!" என்றாள் கமருன்னிசா. மறுநாள் மதியம் பழக்கத்தில் முந்தானையைச் செருகிக்கொண்டு சந்துக்கு வந்துவிட்டாள். அவர் போயிருந்தார். சற்று நேரம் அங்கேயே நின்றாள். பிறகு, காய்ந்துகொண்டிருந்த துணியை எடுக்க வந்தவள் போல இரண்டு துண்டை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

டிசம்பர் லீவுக்கு மர்யம் காரைக்கால் வந்தாள். பெட்டியை இறக்கி முடிக்கவில்லை, "வண்டி எங்க மாமி?" என்று சந்துக்குள் ஓடினாள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த செல்லக்கண்ணு நின்றார்.

"தள்ள வேணாம்மா, அதுவே ஏறிக்கும்."

"பேசாம ஹேண்டிலைப் புடிங்கண்ணே" என்றாள் கமருன்னிசா. "புள்ள ஆசைப்படுது."

மாமியும் மருமகளுமாகத் தள்ளி வண்டியைத் தெருவில் ஏற்றினார்கள். அவர் ஏறி உட்கார்ந்து கிளப்பினார். மர்யத்தின் முகம் வாடிவிட்டது.

"மாமி, அந்தச் சத்தம் எங்க?"

செல்லக்கண்ணு ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பார்த்தார். முனகல்தான் வந்தது. பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்த்தார். கன்னத்தை உப்பிக்கொண்டு, அறுபது வயது மனிதர், நட்டநடுத் தெருவில் "டுபு டுபு டுபு டுர்ர்ர்ர்" என்று வாயாலேயே உறுமிக்கொண்டு புறப்பட்டார். நஜ்முதீன் கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தெரு திரும்பும்வரை அந்தச் சத்தத்தை அவர் நிறுத்தவில்லை.

கமருன்னிசா சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். உள்ளே ஜன்னலோரம், வகுப்புக்குக் கூப்பிடும் போன் அடித்துக்கொண்டே இருந்தது.